மூன்றாவது வேண்டாம்

டெல் ரான்டாலாவுக்கு வராத வேலை என்று காலியோ ஊரில் யாரும் எதையும் காட்ட முடியாது. வீட்டுக் கூரையைத் தனியாளாக மாற்றியவர். ஏரிக்கரையில் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையைத் தன் கையாலேயே கட்டியவர். ஜனவரியில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனால், வீட்டுத் தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்தபடியே அதை இளக்கிவிட்டு வருவார். இரும்புத் தாது ஆலையில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. அவர் கைபட்ட பெல்ட் மறுபடி அறுந்ததாகச் சரித்திரம் இல்லை. அரைகுறை வேலையைக் கண்டால் மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும். "செஞ்சா முழுசா செய்யணும். முடியலேன்னா கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும்" என்பார்.

இந்த நல்ல குணம்தான் அவருடைய மகளின் நான்கு வருஷத்தைத் தின்று தீர்த்தது. இப்போதும் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் "பாவம் டெல்" என்கிறார்கள். பாவம் ஹெல்மி என்று ஒரு வாயும் சொல்லக் காணோம்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மினசோட்டாவின் வடகோடியில், சுரங்கக் குழிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்கள் ஜனங்கள், யாராவது எதையாவது கொடுக்க வந்தால் முதலில் வேண்டாம் என்பார்கள். காபி ஊற்றட்டுமா என்றால், "வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்." மறுபடி கேட்டால், "உனக்கு எதுக்குச் சிரமம்." மூன்றாவது முறை கேட்டால், "நீ இவ்வளவு சொல்றே, சரி, அரைக் கப்." அப்புறம் இரண்டு கப் குடித்து, கேக்கும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். முதல் தடவையே சரி என்பவன் பண்டத்துக்கு அலைகிறவன். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது முகத்தில் கதவைச் சாத்துவது. கேட்பவனும் மூன்று தடவை கேட்டாக வேண்டும், அது அவன் கடமை. டெல்லின் மைத்துனன் ஒருவன் பல் பிடுங்கப் போன இடத்தில், மரத்துப்போக ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு வேண்டாம் என்றான். டாக்டர் வெளியூர்க்காரர். சரி என்று இடுக்கியை எடுத்துப் பிடுங்கிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது, டெல்லும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹெல்மி அவருக்கு ஒரே மகள். பள்ளிப் பெண்கள் பனி ஹாக்கி அணியில் நான்கு வருஷமும் அவள்தான் கோல் காக்கும் கோலி. உயரம் போதாது, சத்தமாகப் பேசமாட்டாள், ஆனால் கோல் கம்பங்களுக்கு நடுவே அவள் குனிந்து நின்றால் எதிரணிப் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போகும். காலியோ அணி ஒன்றும் பிரமாதமான அணி இல்லை. மற்ற பெண்கள் பக் என்கிற ரப்பர் வில்லையைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பார்கள், இவள் தடுத்துக்கொண்டே இருப்பாள். அந்தக் கறுப்பு வில்லை பட்டுப் பட்டு அவள் தோளிலும் தொடையிலும் குளிர்காலம் முழுக்க நீலம் பாரித்திருக்கும்.

அத்தனையையும் டெல் வீடியோப் படம் பிடித்தார். மற்ற அப்பா அம்மாக்கள் தங்கள் பிள்ளை பக்கைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது மட்டும் செல்போனைத் தூக்குவார்கள். டெல் அப்படியா! மடக்கு ஏணி ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு வருவார். ஹெல்மி காக்கும் கோலுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவரை ஒட்டி ஏணியைப் போட்டு, அதன் மேல் நின்று கேமராவைப் பிடிப்பார். ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். இவரும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போவார். "டெல்லு, ஏணிக்கும் ஒரு டிக்கெட் எடுத்தியாடா?" என்று வாசலில் இருப்பவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். டெல்லும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை அடித்தளத்து அறையில் இருந்த பழைய விண்டோஸ் கணினியில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை அடுத்த ஆட்டத்துக்காகத் துடைத்துவிடுவார். கணினி நிரம்பியபோது எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினார். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தூண்டில் முட்கள் வைக்கும் இழுப்பறையில் வைத்திருந்தார். மகளின் நான்கு வருஷமும் அந்தக் காலுறைக்குள்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. பள்ளி தன் பங்குக்கு ஒரு கேமராவும் வைத்ததில்லை.

கடைசி வருஷம் பிப்ரவரியில் காலியோ அணி தோற்று வெளியேறியது. அடுத்த வாரமே ஹெல்மிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விஸ்கான்சினில் உள்ள சிறு கல்லூரி ஒன்றின் பெண்கள் அணிப் பயிற்சியாளர் எழுதியிருந்தார். தோற்ற அந்த ஆட்டத்தை அவர் நேரில் பார்த்திருந்தார். அணியில் கோலிக்கு ஓர் இடம் காலியாகிறது, நீ தடுப்பதைப் பார்க்க வேண்டும், ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு செய்யமாட்டேன், நான்கு வருஷத்திலிருந்தும் எடுத்துத் தொகுத்து மார்ச் முடிவதற்குள் அனுப்பு என்று இருந்தது.

ஹெல்மி அதைச் சமையலறையில் நின்று சத்தமாக வாசித்தாள். அவள் எதையும் சத்தமாக வாசித்து டெல் கேட்டதில்லை. காலியோவில் பள்ளி முடிக்கும் பெண்ணுக்கு முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது, மளிகைக் கடையில் பில் போடும் வேலை இருக்கிறது. ஹெல்மி ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் பில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கல்லாவிலிருந்து அவளை வெளியே கொண்டுபோகும் கதவு அந்த ஒரு மின்னஞ்சல்தான். அது டெல்லுக்குத் தெரியும், அவர் மனைவி கார்லாவுக்கும் தெரியும். அன்று இரவு கார்லா மீன் பொரித்தாள். மூவரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

மின்னியாபொலிஸிலிருந்த சித்தி தன்னுடைய பழைய மேக் கணினியை ஹெல்மிக்குக் கொடுத்திருந்தாள். ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகினால் படங்கள் எல்லாம் தெரிந்தன, ஓடின. ஆனால் வெட்டி ஒட்டியதை அந்த டிஸ்க்கில் சேமிக்கப் போனால் முடியாது என்றது. மேக்கின் உள்ளேயோ இடம் இல்லை.

"விண்டோஸுக்குன்னு ஃபார்மேட் பண்ணின டிஸ்க்குப்பா இது," என்றாள் ஹெல்மி. "மேக் இதைப் படிக்கும், எழுதாது. புதுசா ஒண்ணு வாங்கிட்டா எல்லாத்தையும் அதிலே போட்டுக்கலாம்."

"நல்லா இருக்கிற சாமானை வெச்சுக்கிட்டுப் புதுசு எதுக்கு?"

"அப்போ ஒச்சோவா சாரைக் கேட்கவா? அவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

"இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா? விடு, நான் பாத்துக்கறேன்."

மார்ட்டி ஒச்சோவா பள்ளியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். அரிசோனாவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அவருடைய மகளும் அணியில் இருந்தாள். ஆள் தங்கமானவர், ஆனால் எதையும் நேராகக் கேட்பார், கேட்ட பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். காபி வேண்டுமா என்று கேட்டால் பளிச்சென்று வேண்டும் என்பார். அதற்கே ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது.

ஆட்டப் பருவம் முடிந்ததைக் கொண்டாடப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் விருந்து நடந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு ஓவனில் வேகவைத்த அதே பண்டத்தைப் பத்து விதமாகப் பரப்பியிருந்தார்கள். ஒச்சோவா தட்டோடு டெல்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டெல், உங்க பொண்ணு டிஸ்க் விஷயத்தைச் சொன்னா. கொண்டாந்து குடுங்க. முதல்லே எல்லாத்தையும் பள்ளிக்கூட டிஸ்க்குக்கு எடுத்து வெச்சுக்கணும். அப்புறம் உங்களோடதை ஃபார்மேட் பண்ணிட்டு, திரும்ப அதிலே போட்டுத் தந்துடறேன். ஒரு சாயங்கால வேலை."

டெல்லுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கேட்டுவிட்டான், நல்லவன். முறைப்படி பதில் சொன்னார்.

"வேண்டாங்க. சின்ன வேலைதானே. நானே பாத்துக்குவேன்."

"ஓ, நல்லதாப் போச்சு," என்றார் ஒச்சோவா. "இந்த மாக்கரோனி யார் செஞ்சது? பிரமாதம்."

அவ்வளவுதான். டெல் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். ஒச்சோவா மாக்கரோனியைத் தின்றார், அரிசோனாவில் இந்நேரம் வெயில் எப்படி இருக்கும் என்று சொன்னார், டெல்லின் தோளைத் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த வாரம் பெட்ரோல் நிலையத்தில் எதிர்ப்பட்டார். டெல்லே பேச்சை எடுத்தார். "அந்த டிஸ்க் வேலைக்கு இன்னும் நேரம் கிடைக்கலே" என்று தூண்டிலை வீசிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் அதற்குப் பொருள் புரிந்து, "குடுய்யா இங்கே" என்று பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். ஒச்சோவா, "கஷ்டம்தான், ஆலையிலே வேலை ஜாஸ்தி போலிருக்கு" என்று அனுதாபப்பட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

டெல் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். "ஒரு தடவை கேட்டான், அதோட சரி. பேச்சுக்குக் கேட்டிருக்கான்."

"நீ போய்க் கேளேன்," என்றாள் கார்லா. "உன் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"வேண்டாம்னு சொல்லிட்டு அவன் வாசல்லே போய் நிக்கச் சொல்றியா?"

"பிள்ளைக்காக நின்னா என்ன, கால் தேஞ்சா போயிடும்?"

"அவன்தான் கேட்கணும்," என்றார் டெல். நம் கௌரவத்துக்கு இருக்கிற மரியாதை பிள்ளையின் பிழைப்புக்கு இருந்தால் இந்த உலகம் எங்கேயோ போயிருக்கும்.

மார்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்லா தேவாலயத்துக்குப் போனாள், ஹெல்மி கடைக்குப் போனாள். டெல் காபியை நிரப்பிக்கொண்டு, காலுறையிலிருந்து டிஸ்க்கை எடுத்து, மகளின் மேக்கில் செருகினார். இணையத்தில் தேடினார். விண்டோஸ் டிஸ்க்கில் மேக் எழுத வேண்டும் என்றால் அதை மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று படம் போட்டே விளக்கியிருந்தார்கள். இவ்வளவுதானா என்று தோன்றியது.

உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது என்று கணினி எச்சரித்தது. அவர் அதை வாசிக்காமல் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஆலையில் இருந்தவர். அங்கே தொட்டதற்கெல்லாம் மண்டையோடு வரைந்து மரணம் என்று எழுதி வைத்திருப்பார்கள், கை கழுவும் குழாய்க்கு மேலேகூட ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாவற்றையும் நம்பினால் ஒரு பெல்ட்டும் ஓடாது. விருந்தில் ஒச்சோவா எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வைக்க வேண்டும் என்றதும் நினைவிருந்தது. வேலையைப் பெரிதாகக் காட்டுவதற்குச் சொன்னது என்று அதைத் தள்ளினார்.

அதைவிட முக்கியமாக, ஃபார்மேட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்தார். சனிக்கிழமைகளில் ஹாக்கி அரங்கத்தில் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுவது அவர்தான், கூலியில்லாமல். சறுக்குக் காலணிகள் கீறிப்போட்ட பனியை வண்டியின் கத்தி மேலாகச் சீவும், பின்னாலேயே வெந்நீர் பரவி உறையும், தரை கண்ணாடியாகிவிடும். சிவப்புக் கோடும் நீலக் கோடும் நடு வட்டமும் பனிக்கு அடியில் இருப்பவை. ஆயிரம் தடவை வழித்தாலும் அவை போகா. மேலே இருக்கிற விண்டோஸ் கீறலை வழித்துவிட்டு மேக் தண்ணீரைப் பரப்புகிறோம், படங்கள் அடியில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு விளக்கம் எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்காது.

அழுத்தினார். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டிஸ்க்கைத் திறந்தார். ஒன்றும் இல்லை.

மூடித் திறந்தார். கழற்றிச் செருகினார். காபி ஆறிப்போயிற்று. அப்போதும் அவருக்கு ஒச்சோவாவைக் கூப்பிடத் தோன்றவில்லை. தப்பாகப் பூட்டிய மரையைத் திருப்பிச் சுற்றினால் கழன்றுவிடும், அதுபோல இதையும் பழையபடி விண்டோஸுக்கே மாற்றிவிட்டால் படங்கள் தெரியும் என்று அடித்தளத்துக்கு ஓடினார். பழைய கணினி அந்த டிஸ்க்கை அடையாளம் தெரியாமல் விழித்தது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. செய் என்றார். அடுத்து வந்த சிறு பெட்டியில் விரைவு ஃபார்மேட் என்ற இடத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது.

விரைவாம்! மேக்கில் அரை நிமிஷத்தில் அவசர அவசரமாகச் செய்ததால்தான் இந்தக் கதி என்று நினைத்தார். அந்த டிக்கை எடுத்துவிட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், முழுசாகச் செய்யட்டும்.

அது முழுசாகச் செய்தது. டிஸ்க்கின் ஒவ்வோர் இடமாகப் போய், பொறுமையாக, எதையும் விட்டுவிடாமல் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போனது. பச்சைப் பட்டை மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. டெல் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காத்தார். கார்லா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஹெல்மி கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி வந்தாள். மேசைமேல் காலியாகக் கிடந்த காலுறையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லேம்மா. மேக்கிலே போட்டேன், எல்லாம் மறைஞ்சுபோச்சு. அதான் திரும்பவும் விண்டோஸுக்கே மாத்தறேன். இது முடிஞ்சதும் வந்துடும்."

ஹெல்மி குனிந்து, அந்தச் சிறு பெட்டியில் டிக் எடுத்திருப்பதைப் பார்த்தாள். "விரைவு இல்லாம பண்றீங்களா? முழுசாவா? அப்பா, அதைப் பிடுங்குங்க! வயரைப் பிடுங்குங்க!"

"இரும்மா, இரு! பாதியிலே நிறுத்தினா கெட்டுப்போயிடும்."

அவள் வயரை நோக்கிப் பாய்ந்தாள். பக்கை எட்டிப் பிடிக்கும் அதே பாய்ச்சல். டெல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆலையில் பெல்ட்டை இழுத்துப் பூட்டும் கை அது, விடவில்லை. "அப்பா, விடுங்க, விடுங்கப்பா" என்று அவள் கதறினாள். "சொன்னாக் கேளு, பாதி வேலை ஆகாது" என்று அவர் கெஞ்சினார். பட்டை பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருந்தது. சத்தம் கேட்டுக் கார்லா படிக்கட்டின் மேல்முனையில் வந்து நின்று, "என்ன அங்கே?" என்றாள். ஹெல்மி திமிறுவதை நிறுத்தினாள். அவர் பிடியைத் தளர்த்தினார். அவள் படியேறிப் போய்விட்டாள். அந்தப் பட்டை நிறைவதற்கு இன்னும் நெடுநேரம் ஆயிற்று, டெல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஒச்சோவாவை வரவழைத்தது கார்லா. கேட்ட உடனே தன் சாமான்களோடு வந்துவிட்டார். அழிந்த படங்களைத் தோண்டி எடுக்கும் மென்பொருளை ஓட்டினார். சாயங்காலம் முழுக்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மேக்கிலே அழிச்சதோட நிறுத்தியிருந்தா முக்கால்வாசி எடுத்துக் குடுத்திருப்பேன், டெல். விண்டோஸ்லே விரைவுன்னு இருந்ததை அப்படியே விட்டிருந்தாலும் எடுத்திருக்கலாம். நீங்க முழுசா துடைச்சிருக்கீங்க."

"பாதியிலே பிடுங்கியிருந்தா?" என்று கேட்டாள் ஹெல்மி. கதவோரம் நின்றிருந்தாள்.

ஒச்சோவா நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். "பாதி கிடைச்சிருக்கும்மா."

டெல்லுக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம். வேறு எது வந்திருந்தாலும் மன்னித்திருக்கலாம். "நீ ஒரு தடவைதானேய்யா கேட்டே!" என்று கத்தினார்.

"என்னது?"

"அந்த விருந்திலே. செஞ்சு தரேன்னு. ஒரே ஒரு தடவை கேட்டே!"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே."

"சொல்லுவேன்! எவனும் அப்படித்தான் சொல்லுவான்!"

ஒச்சோவா கார்லாவைப் பார்த்தார். கார்லா தரையைப் பார்த்தாள். "எத்தனை தடவை கேட்கணும்?" என்றார் அவர். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டெல்லுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒச்சோவா சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கார்லா நீட்டிய காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஹெல்மி அழுது யாரும் பார்க்கவில்லை. அணியில் இருந்த எல்லார் வீட்டிலும் கேட்டாள். ஒவ்வொருவரிடமும் அவரவர் பிள்ளை கோல் போடும் படம் இருந்தது. அதெல்லாம் அரங்கத்தின் மறுகோடியில், ஹெல்மி இல்லாத பக்கத்தில் நடந்தவை. அப்புறம் வேற்றூர் அணிகளின் பிள்ளைகள் இணையத்தில் போட்டிருந்ததைத் தேடினாள். அங்கே அவள் இருந்தாள், நிறையவே இருந்தாள். எதிரணிப் பெண் பக்கை அடிக்கிறாள், அது ஹெல்மியின் கைக்கு மேலேயோ காலுக்கு இடையிலேயோ புகுந்து வலைக்குள் விழுகிறது, கூட்டம் கூவுகிறது. கோலியை அடித்து ஜெயித்ததைத்தான் ஜனங்கள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கோலி தடுத்துவிட்டால் அது அவர்களுக்கு நடக்காத காரியம், போனை இறக்கிவிடுகிறார்கள். நான்கு வருஷத்தில் அவள் தடுத்தது ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை. விட்டதெல்லாம் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் டெல் ஆலையிலிருந்து வந்தபோது அவள் சமையலறை மேசையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பின்னால் நின்று பார்த்தார். ஒரு படம் முடிந்து அடுத்தது ஓடியது. ஹெல்மி ஒரு கோலை நிறுத்தி, திரையில் விரலை வைத்தாள்.

"இதோ நீங்க."

வலைக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏணிமேல் ஓர் ஆள் நின்றிருந்தார். காது மூடிய தொப்பி, கண்ணில் ஒட்டிய கேமரா, அதில் சின்னச் சிவப்பு விளக்கு. அடுத்த படத்திலும் நின்றிருந்தார். அதற்கடுத்ததிலும். எல்லா ஊரிலும், எல்லா அரங்கத்திலும், அவள் தோற்ற எல்லாத் தருணத்திலும், பின்னால் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு அக்கறையா எடுத்துட்டிருக்கீங்க பாருங்க," என்றாள் ஹெல்மி. குரலில் கோபம்கூட இல்லை. டெல் கோட்டைக் கழற்றாமலே வெளியே போய், வழித்து முடித்த வாசலில் மறுபடி பனியை வழித்தார்.

நடந்ததை அவள் அந்தப் பயிற்சியாளருக்கு எழுதினாள். அன்பான பதில் வந்தது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் கோலிக்கான இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டோம், உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும் என்று இருந்தது. கோடை முழுக்க ஹெல்மி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்த கடைக்குத் தினமும் போனாள். அவள் பில் போடும் வரிசையைத் தவிர்த்து டெல் வேறு வரிசையில் நிற்பதை ஊரே கவனித்தது.

இலைகள் சிவக்கத் தொடங்கியபோது அவள் டுலூத் நகரத்துக்குப் புறப்பட்டாள். பல் மருத்துவ உதவியாளர் படிப்பு. அங்கே வேலை முடிந்து வந்து மாலையில் ஆடும் பெண்களின் அணி ஒன்றில் கோலி இல்லையாம், வாரத்துக்கு ஓர் ஆட்டம், பார்க்க யாரும் வரமாட்டார்களாம். கார்லா வழிக்குத் தின்னச் சாப்பாட்டைக் கட்டிக் காரின் முன்சீட்டில் வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஹெல்மி காலுறைகளையும் கால் கவசங்களையும் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள். டெல் பக்கத்தில் நின்றார். இதற்காகக் கோடை முழுக்க வார்த்தைகளைத் தேடிவைத்திருந்தார்.

"அங்கே வாராவாரம் மேட்ச் இருக்குமாமே," என்றார். "நான் கேமராவை எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்ப்பா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்."

டெல்லுக்கு நெஞ்சில் கொஞ்சம் உயிர் வந்தது. முறையான பதில், எங்கள் ஊர்ப் பெண்ணின் பதில்.

"அலைச்சல் என்னம்மா, ரோடு நல்லாத்தானே இருக்கு. வந்துட்டுப் போறேனே."

"வேண்டாம்ப்பா. குளிர்லே ஏணியைத் தூக்கிக்கிட்டு நீங்க ஏன் கஷ்டப்படணும்."

இரண்டாவது. அவருக்குக் கண் கரித்தது.

"எனக்கு ஆசையா இருக்கு, ஹெல்மி. வரேன்மா."

அவள் காரின் பின்கதவைச் சாத்தினாள். திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பக் வருகிற திசைக்கு அவள் அப்படித்தான் நேராகத் திரும்பி நிற்பாள் என்பது ஏணிமேல் நின்ற அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் இனி தெரியப்போவதில்லை.

"வேண்டாம்ப்பா," என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. டெல் வாசலிலேயே நின்றிருந்தார். நான்காவது தடவை எப்படிக் கேட்பது என்று அந்த ஊரில் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.